பிளந்து பார்த்த கரும்பு

கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவே கடலூர் மாவட்டத்தில் கரும்புக்குப் பஞ்சமில்லை. அந்தப் பக்கத்து ரகச் சோதனைத் திடல் ஒன்றின் வரப்பில், பூவரசு நிழலில், மாசி மாதத்து முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. கரும்பு வெட்டும் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவனை ஜூஸ் கடைக்காரன் என்றோ வண்டிக்காரன் என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள்.

திடலில் மூன்று பேர். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதுபவர் இளைஞர்; மற்ற இருவரும் அவரை சார் என்கிறார்கள். அறுபதை நெருங்கும் அம்மாள் ஒருவர், சேலைக்கு மேல் ஆண்சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டி, கையில் கத்தி வைத்திருக்கிறார். மூன்றாவது ஒரு இளம்பெண். அந்த அம்மாளை "அத்தே" என்று கூப்பிடுகிறாள். சொந்த அத்தையா, ஊர் முறைக்கு அத்தையா, தெரியவில்லை.

வரிசைக்கு வரிசை குச்சி நட்டு, தகரத்தில் எண் எழுதிக் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் ஒரு ரகம். சிலது இன்னும் ரகமாகாமல் எண்ணாகவே நிற்கிறது. இளையவள் வரிசைக்குள் புகுந்து, பருத்தது மெலிந்தது பார்க்காமல் கைக்கு வந்த கரும்பை அடியோடு வெட்டி எடுத்து வருகிறாள். ஒருமுறை நல்ல கரும்பாகத் தேடப்போனவளை சார் தடுத்தார். "அழகாப் பாத்து எடுக்காதம்மா. பொங்கலுக்கா எடுக்கிறோம்?" அவள் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கரும்பை வெட்டினாள்.

அப்புறம் சோகை உரிப்பு, அதாவது காய்ந்த இலையைக் களைவது. உரித்த கரும்பு அம்மாளிடம் போகிறது. அவர் அதை மடியில் குறுக்கே வைத்து, அடியிலிருந்து நுனி வரை விரலால் தடவிக்கொண்டே கணு எண்ணுகிறார். கண்ணால் எண்ணுவதாகத் தெரியவில்லை. விரல் ஓர் இடத்தில் நிற்கிறது. அங்கே குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, துளை வாயில் ஈரம் காயாத மரத்தூள் மாதிரிக் கொஞ்சம் கழிவு.

"பத்தொம்போது கணு சார்."

"ஓட்டை?"

"நாலு. இரு... அஞ்சு."

எண்ணி முடித்ததும் பிளப்பு. கரும்பை நிமிர்த்தி நிறுத்தி, மேல் வெட்டில் கத்தியை வைத்து, ஒரு கட்டையால் ஒரே தட்டு. கரும்பு கீழ்வரை விரிந்துகொண்டு போகிறது. வெள்ளைச் சதைக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பாதை. புழு குடைந்த வழி. குடைந்த இடத்துக் கணு மட்டும் குட்டையாக, இடுப்பில் இறுக்கிக் கட்டியது போலச் சிறுத்திருக்கிறது. பாதையின் முனையில் புழு இருந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் நீளவாக்கில் நான்கு ஊதாக் கோடு, வெளிர்பழுப்புத் தலை. வெளிச்சம் பட்டதும் பின்னுக்கு நகர்ந்து தன் பாதைக்குள்ளேயே ஒளியப் பார்த்தது. அம்மாள் கத்தி முனையால் அதைச் சுண்டினார். வரப்பில் காத்திருந்த இரண்டு மைனாக்களில் ஒன்றுக்கு அது கிடைத்தது. இன்னொன்று கத்தியது.

இடைக்கணுப்புழு இது. கரும்பைத் துளைக்கும் புழுக்களில் தமிழ்நாட்டுக்காரனுக்கு முக்கியமாக மூன்றைத் தெரிந்திருக்க வேண்டும். நட்ட முதல் மூன்று மாதத்தில் தரைமட்டத்துக்குச் சற்று மேலே தண்டைத் துளைத்து நடுக்குருத்தைச் சாகடிப்பது இளங்குருத்துப்புழு. அதற்கு ஐந்து கோடு, கரும்பழுப்புத் தலை. கணு விட்ட பிறகு வந்து வெட்டும்வரை கூடவே இருப்பது இடைக்கணுப்புழு. வளர்ந்த கரும்பின் உச்சியைக் குடைவது நுனிக்குருத்துப்புழு. கோடே இல்லாத பாலாடை நிறம். அதன் அந்துப்பூச்சி வெள்ளை வெளேரென்று பார்க்க அழகாக இருக்கும், பெண் பூச்சிக்கு வால்பக்கம் செம்மஞ்சள் குஞ்சம் வேறு. மூன்றும் அந்துப்பூச்சிகளின் பிள்ளைகள். தாய் கரும்பைத் தின்பதில்லை, இலையில் முட்டை வைத்துவிட்டுப் போகிறது.

பிளந்து வைத்த கரும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று புரியும். முட்டையிலிருந்து வந்த இடைக்கணுப்புழு முதலில் விரியாத குருத்திலையைச் சுரண்டித் தின்னும். பிறகுதான் தண்டுக்குள் இறங்கும். அப்போதும் முற்றிய கணுவை அது தேடுவதில்லை, உச்சியில் இன்னும் இறுகாத கணுவில்தான் துளை போடும். ஆகவே அடிக்கணுவில் இருக்கும் பழைய துளை, அந்தக் கணு உச்சியாக இருந்த மாதத்தில் விழுந்தது. அடியிலிருந்து நுனிக்குத் துளைகளைப் படித்துக்கொண்டே போனால் அந்த வயலில் எந்த மாதம் புழு ஏறியது, எந்த மாதம் அடங்கியது என்று தெரிந்துவிடும். சாரும் அதைத்தான் செய்கிறார். எத்தனை கணு என்பதோடு எத்தனையாவது கணு என்றும் எழுதுகிறார்.

பதினொரு மணி வாக்கில் ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சிக்குப் போனார்கள். அந்த வரிசை வேறு சாதி. இளையவள் இழுத்தாலும் சோகை விடவில்லை. உறை தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஐயய்யோ, சுணை" என்று முழங்கையைச் சொறிந்தாள். அம்மாளின் கத்தியும் இதில் ஒரு தட்டுக்கு இறங்கவில்லை, மூன்று தட்டு வேண்டியிருந்தது. முதல் கரும்பில் ஒரு துளை. பிளந்தால் பாதை ஒரு விரற்கடைக்கு மேல் போகவில்லை, புழுவும் இல்லை. இரண்டாவதில் துளையே இல்லை. மூன்றாவதில் தோலில் பல் பதிந்த மாதிரி ஒரு வடு, அவ்வளவுதான். உள்ளே போக முயன்று விட்டுவிட்டது.

"இது தாங்குது சார்," என்றார் அம்மாள்.

"தாங்குது. ஆனா சக்கரை இல்லம்மா. ஆலைக்காரங்க எடுக்க மாட்டாங்க."

"வெட்டுறவனும் எடுக்க மாட்டான்," என்று இளையவள் முழங்கையைப் பார்த்தபடி சொன்னாள்.

இந்த மூன்று பேர் பேச்சில் கரும்பு ரகங்களின் நூறாண்டுக் கதை அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது 1912இல். கரும்பு அங்கே நன்றாகப் பூக்கும், பூத்தால்தான் ஒட்டுச் சேர்க்க முடியும் என்பது இடம் தேர்ந்ததற்கு ஒரு காரணம். நிலையத்தை முதலில் நடத்திய பார்பரும் அவருக்குப் பின் வந்த டி.எஸ். வெங்கட்ராமனும் செய்த துணிச்சலான காரியம், வெள்ளை என்ற நாட்டுக் கரும்பை ஆற்றோரத்துப் பேய்க்கரும்போடு சேர்த்தது. வெள்ளை தடிமன், இனிப்பு, மென்மை. பேய்க்கரும்பு ஒல்லி, நார், சக்கையைக் கடித்தால் பல் வலிக்கும். ஆனால் எதற்கும் சாகாது. அந்தச் சேர்க்கையில் பிறந்து 1918இல் வயலுக்குப் போனது கோ 205. பஞ்சாபின் குளிரையும் வறட்சியையும் அது தாங்கியது. அதன் பிறகு வந்த கோ ரகங்கள் பெரும்பாலானவற்றின் உடம்பில் பேய்க்கரும்பின் ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது.

கொஞ்சம் என்பதுதான் விஷயம். காட்டுக் கரும்பின் பங்கு கூடினால் நார் கூடும், சர்க்கரை குறையும். எனவே ஒட்டில் பிறந்ததை மறுபடியும் இனிப்புக் கரும்போடு சேர்ப்பார்கள். அதில் பிறந்ததை மறுபடியும். தலைமுறைக்குத் தலைமுறை சாறு ஏறும், தோல் மெலியும். மனிதனுக்குப் பிடித்த கரும்பு எதுவோ அதுவே புழுவுக்கும் பிடித்தது. எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் அப்படித்தான்.

தாங்கும் தன்மை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே குணமல்ல. சில கரும்பில் தாய்ப்பூச்சி முட்டை வைக்கவே அவ்வளவாக விரும்பாது. சிலவற்றில் முட்டை விழும், புழு பொரிக்கும், ஆனால் கடினத் தோலும் நாரும் திசுவில் படிந்த சிலிக்காவும் (மணல் சத்து என்றே சொல்லலாம்) அதன் வாயைத் தேய்த்துவிடும். புழு வளராது, வளர்ந்தாலும் சோதாவாக இருக்கும். மூன்றாவது வகை, புழுவை விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பது. தாய்க்குருத்து செத்தால் பக்கத்தில் நான்கு தூர் வெடிக்கும். வெட்டும்போது கரும்பு எண்ணிக்கை குறைந்திருக்காது. இளங்குருத்துப்புழு விஷயத்தில் இந்த மூன்றாவது குணம்தான் பல ரகங்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் கணு விட்ட பிறகு கணுவைத் துளைப்பவனிடம் இது செல்லாது. துளைபட்ட கணுவுக்குப் பதிலாக இன்னொரு கணு முளைக்காது.

அதனால் ஒரு புழுவைத் தாங்கும் ரகம் இன்னொரு புழுவைத் தாங்கும் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பரிந்துரையில் இளங்குருத்துப்புழுவைத் தாங்குபவையாக கோ 312, கோ 421, கோ 661, கோ 853, கோ 917 ஆகியவை சொல்லப்படுகின்றன. இடைக்கணுப்புழுவுக்கு கோ 975, கோ 7304, கோஜா 46. நுனிக்குருத்துப்புழுவுக்கு கோ 419, கோ 745, கோ 859, கோ 1158 என்று வேறு வரிசை. ஒரு பட்டியலில் இருக்கும் பெயர் மற்றொன்றில் இல்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: இந்தப் பெயர்களில் ஒன்றைக் கேட்டுக்கொண்டு இன்று கடலூர், விழுப்புரம் பக்கம் விதைக்கரணை வாங்கப் போனால், கேட்பவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். எல்லாம் தாத்தா காலத்து ரகங்கள்.

வயலில் நிற்பது கோ 86032. 2000இல் வெளியானது. கோ 62198க்கும் கோசி 671க்கும் பிறந்த பிள்ளை. கோசி என்றால் கோவையில் ஒட்டுச் சேர்த்து கடலூரில் தேர்ந்தெடுத்தது. அந்த வகையில் இந்த மாவட்டத்துக்குத் தாய்வீட்டு உறவு. கோசி 671 சர்க்கரையில் கெட்டிக்காரி, செவ்வழுகல் நோய்க்கு இரையானவள். கோ 86032 அந்தச் சர்க்கரையை வாங்கிக்கொண்டு, தண்ணீர்க் குறைவையும் தாங்கிக்கொண்டு, வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்புக்கு மறுதாம்பு துளிர்த்து, தமிழ்நாட்டுக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. அது நல்ல ரகம். ஆனால் புழுவைத் தாங்கும் என்பதற்காக யாரும் அதைத் தேடி நடவில்லை.

பங்குனிக் கடைசி. வேறு ஊர். நட்டு ஐம்பது நாள் ஆன வயல். வாய்க்கால் மதகில் நான். வயலுக்குள் பெரியவர் ஒருவர். எதிரே ஆலையின் ஃபீல்டுமேன், பைக்கை வரப்போடு சாய்த்துவிட்டு வந்திருக்கிறார். நல்ல வெயில். பச்சைக்கு நடுவே அங்கங்கே பழுத்த குருத்து தெரிகிறது. பெரியவர் குனிந்து ஒரு குருத்தைப் பிடித்தார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. அடியை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்து, ஃபீல்டுமேன் பக்கம் நீட்டினார். அந்த நாற்றம் மதகு வரைக்கும் வரவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். அழுகிய குருத்தின் நாற்றத்தை ஒருதரம் முகர்ந்தவன் மறக்கமாட்டான்.

"போன வருஷம் கட்டையில இது இல்லியே தம்பி."

"நடவு தள்ளிப்போச்சு ஐயா. மார்கழி, தையில போட்டிருந்தா தப்பிச்சிருக்கும். கோடையில போட்டா குருத்துப்பூச்சி வரத்தான் செய்யும்."

"வெட்டு ஆர்டர் நீங்க எப்பக் குடுத்தீங்க?"

ஃபீல்டுமேன் பதில் சொல்லவில்லை. நின்ற கரும்பை வெட்ட உத்தரவு வராமல் நிலம் ஒழியாது. நிலம் ஒழியாமல் பட்டத்தில் நட முடியாது. பெரியவரும் அதை நீட்டவில்லை.

"புழு ஏறாத கரணை ஒண்ணு இல்லியா ஒங்ககிட்ட?"

"ஆலை ஒத்துக்கிட்ட ரகம் மூணுதான் ஐயா. மூணுலயும் வரும். ஒண்ணுல கொஞ்சம் கம்மி."

"அதக் குடுக்கறதுதானே?"

"அது சோகை உதிராது. ஆளு வெட்ட மாட்டான்னு நீங்களே போன தடவ வேணாம்னீங்க."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இருவரும் வேலையைப் பேசினார்கள். தண்ணீரைக் காயவிடாமல் கட்டு, காய்ந்த குருத்தைப் புழுவோடு பிடுங்கி அழி, மண் அணை, பாருக்கு இடையே சோகையைப் பரப்பு. சோகை பரப்பினால் மண்ணின் சூடு தணியும், இளங்குருத்துப்புழு குறையும். இதை நட்ட மூன்றாம் நாளே செய்திருக்க வேண்டும், ஆனால் போன கரும்பின் சோகையைக் கொளுத்தி ஆயிற்று. கொளுத்துவது வேலை சுலபம். நாலாம் மாதத்திலிருந்து முட்டை ஒட்டுண்ணி அட்டை கொண்டுவருவதாக ஃபீல்டுமேன் சொன்னார். டிரைக்கோகிரம்மா என்ற குளவி; ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இடைக்கணுப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு 2.5 சி.சி., பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை. அட்டையைத் துண்டு போட்டு இலைக்கு அடியில் குத்த வேண்டும். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரிக்க வேண்டும்.

"ஆள் கூலி?" என்றார் பெரியவர். ஃபீல்டுமேன் பைக்கை நிமிர்த்தினார்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். பெரியவர் இவ்வளவு கவலைப்பட்டது இளங்குருத்துப்புழுவுக்கு. இடைக்கணுப்புழுவின் பேச்சு வந்தபோது அவருக்குச் சுரத்தில்லை. முன்னது கண்ணுக்குத் தெரிகிறது, கையோடு வருகிறது, நாறுகிறது. பின்னதோ தண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. கரும்பு நிற்கிறது, பச்சையாக இருக்கிறது. ஏன் அவருக்குச் சுரத்தில்லை என்பது ஆலை வாசலில் போய் நின்றபோதுதான் முழுதாகப் புரிந்தது.

எடைமேடைக்கு வெளியே டிராக்டர்கள் அரைக் கிலோமீட்டருக்கு நின்றன. டீக்கடை பெஞ்சுக்கு எதிரே நின்ற டிரைலரின் பின்பக்கத்தில் கரும்பின் வெட்டுமுகங்கள் நூற்றுக்கணக்கில் தெரிந்தன. உட்கார்ந்தபடியே பார்த்தால் பலதின் நடுவே சிவப்புப் புள்ளி. டிரைவர் ஒரு கரும்பை உருவி முழங்காலில் வைத்து ஒடித்தான். ஒடித்த இடம் சிவந்திருந்தது. அந்தக் கணுவைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்ததைச் சுவைத்தான். அந்த வரிசையில் புழுவைப் பொருட்படுத்திய ஒரே ஆள் அவன்தான். டோக்கன் கொடுத்தவர் பார்க்கவில்லை. எடை போட்டவர் பார்க்க வேண்டியதில்லை, அவருக்குத் திரையில் டன் தெரிந்தால் போதும்.

மத்திய அரசின் விலைக் கணக்கு இப்படி இருக்கிறது. 2025-26 பருவத்துக்குக் குவிண்டால் 355 ரூபாய், பிழிதிறன் (கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு) 10.25 சதவீதம் என்ற அடிப்படையில். பிழிதிறன் கூடினால் கூடும், குறைந்தால் குறையும், 9.5க்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் 329 ரூபாய் 5 காசுக்குக் கீழே இறங்காது. அந்தப் பிழிதிறன் ஆலைக்கு மொத்தமாகப் பார்ப்பது. உங்கள் வண்டிக்கு, என் வண்டிக்கு என்று தனித்தனியாகச் சாறு சோதிப்பதில்லை. உங்கள் கரும்பில் புழுவே இல்லாமல் சாறு நயமாக இருந்தாலும் அதே விலை. பக்கத்து வண்டிக் கரும்பு நெடுகச் சிவந்திருந்தாலும் அதே விலை.

இடைக்கணுப்புழு எடையை மட்டும் தின்பதில்லை. சாற்றையும் கெடுக்கிறது. சாறு கெட்ட நஷ்டம் விவசாயி கணக்கில் ஏறாமல் ஆலை கணக்கில் ஏறுகிறது. ஆலைக்கோ அது எந்த வயலிலிருந்து வந்தது என்று தெரியாது. பருவ முடிவில் பிழிதிறன் கால் சதவீதம் குறைந்தது என்று ஒரு கூட்டத்தில் பேசி, மழையின் மேலும் வெட்டுத் தாமதத்தின் மேலும் போட்டுவிடுவார்கள். வெட்டு மேஸ்திரிக்கு வேண்டியது சோகை தானே உதிரும் மெதுக் கரும்பு. மூன்று பேருக்கும் மூன்று கணக்கு; அதில் எதிலும் இடைக்கணுப்புழுவுக்குப் பத்தி இல்லை. தாங்கும் ரகம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க ஆளில்லாதபோது வளர்ப்பவர்கள் மட்டும் எத்தனை காலம் வளர்ப்பார்கள்?

செவ்வழுகலோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அந்த நோய் வந்தால் வயல் முழுக்கக் காய்ந்து நிற்கும். விவசாயி, ஆலை, வங்கி எல்லாரும் ஒன்றாகக் கத்துவார்கள். வடக்கே உத்தரப்பிரதேசத்தில் கோ 0238 பட்ட பாடு நேற்றைய கதை. 2009இல் வந்து, அந்த மாநிலத்தின் கரும்பையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்ட ரகம் அது. செவ்வழுகல் புகுந்ததும் வேறு ரகம் நடச்சொல்லி அரசே சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் புது ரகம் ஒன்றைச் சோதிக்கும்போது செவ்வழுகல் தாங்குகிறதா என்பதில் கண்டிப்பு இருக்கிறது. தாங்காவிட்டால் வெளியே. துளைப்பான் விஷயத்தில் எண்ணுகிறார்கள், எழுதுகிறார்கள், குறைவாகப் பாதிக்கப்படுவது, நடுத்தரம், மிகவும் பாதிக்கப்படுவது என்று மூன்று தட்டில் அடுக்குகிறார்கள். விளைச்சலும் சர்க்கரையும் நன்றாக இருந்தால் மூன்றாம் தட்டுக் கரும்பும் உள்ளே வந்துவிடலாம்.

தென்னாப்பிரிக்காவில் எல்டானா என்று ஒரு துளைப்பான். அங்கே விவசாயிக்குப் பணம் கரும்பின் எடைக்கு மட்டுமல்ல. அவரவர் கரும்பிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையின் மதிப்பைக் கணித்து அதற்குத் தருகிறார்கள். புழு தின்ற சர்க்கரை அவரவர் பையிலிருந்தே போகிறது. ஆகவே அங்கே ரகத்தைப் பற்றிய விவரக் குறிப்பில் எல்டானாவைத் தாங்குமா என்பது முக்கியமான வரி. என் 21 போன்ற ரகங்களுக்கு அதனாலேயே மரியாதை. வயலில் கரும்பைப் பிளந்து புழு எண்ணுவதும் அங்கே ஆராய்ச்சி வேலையாக மட்டும் இல்லை, விவசாயியின் வழக்கமான வேலையில் ஒன்று.

பிரேசில் வேறு வழியில் போனது. 2017இல் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த கரும்புக்கு அங்கே அனுமதி கொடுத்தார்கள். பருத்தியில் செய்ததைக் கரும்பில் செய்தார்கள். இந்தியாவில் அப்படி ஒரு கரும்பு சாகுபடிக்கு வரவில்லை. வந்தாலும், பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த மரபணுவையும் மீறி வந்ததைப் பார்த்தவர்களுக்கு அதில் பெரிய ஆறுதல் இருக்காது. நம்மிடம் இருப்பதையே ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் கோபம்.

அதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். எண்ணிய கணக்கு நோட்டுகளில் இருக்கிறது. ஆலைகள் விவசாயிக்குக் கொடுக்கும் ரகத் துண்டறிக்கையில் ஏக்கருக்கு எத்தனை டன், எத்தனையாவது மாதம் வெட்டு என்று அச்சடிக்கும்போது, மூன்று புழுவுக்கும் எந்தத் தட்டு என்று ஒரே ஒரு வரி சேர்க்கலாம். மறுதாம்புக்கு விடுகிறவருக்கும், கோடையில் நட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவருக்கும், ஆற்றோரத்து ஈர நிலத்துக்காரருக்கும் ஒரே ரகத்தைத் தலையில் கட்டாமல் பார்த்துக் கொடுக்கலாம். ஒரு பகுதி முழுக்க ஒரே ரகத்தை நட்டால் புழுவுக்கு ஆண்டு முழுவதும் விருந்து வைத்ததாகும் என்பது ஆலைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. வண்டி வண்டியாகச் சாறு சோதித்து விலை வைப்பது செலவான வேலை. அது உடனே நடக்காது, எனக்குத் தெரியும். ஆனால் அது வரும்வரைக்கும் இடைக்கணுப்புழுவைத் தாங்கும் ரகத்துக்கு இந்த நாட்டில் வாடிக்கையாளர் இல்லை.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. விதைக்கரும்பு வாங்கப் போகும்போது கையோடு கத்தி எடுத்துப் போங்கள். எட்டு மாதத்துக்கு உட்பட்ட கரும்பாகப் பாருங்கள். வயலின் ஓரத்தில் நிற்காமல் நடுவில் போய், அழகு பார்க்காமல் பத்துக் கரும்பை வெட்டிப் பிளந்து பாருங்கள். துளை விழுந்த கணுவின் பரு சரியாக முளைக்காது; அதை நட்டு, முளைக்காத இடத்துக்கு மறுபடியும் கரணை வாங்கும் செலவு உங்களுடையது. பிளக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.